மலையிறங்கும் சைக்கிளும் மலையின் மண்ணும்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஆற்றல் அழிவின்மை விதியை நடத்திக்கொண்டிருந்தேன். மேலே ஏற்றப்பட்ட பொருள் நிலையாற்றலைப் பெறுகிறது. கீழே வரும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், மலையுச்சியில் ஒரு பஸ் நிற்கிறது. அதே பஸ் அடிவாரத்துக்கு வந்தும் நிற்கிறது. மேலேயும் வேகமில்லை, கீழேயும் வேகமில்லை. அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே போயிற்று?"

"பிரேக்கிலே போயிற்று" என்றார் அடுத்திருந்தவர். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்த விடை தவறன்று. மலைப்பாதையில் இறங்கும் பேருந்தில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் கருகல் வாடை தெரிந்திருக்கும். மலையின் உயரம் முழுவதும் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கும் வாடை அது.

இருப்பினும் அது பாதி விடைதான். இறங்கும் வண்டியின் ஆற்றல் காற்றுக்குப் போகலாம், பிரேக்குக்குப் போகலாம், டயருக்குப் போகலாம். சில வேளைகளில் பாதையின் மண்ணுக்கும் போகலாம். இந்தப் பங்கீட்டை ஒரு மலையின் வரலாறு மிக அழகாகக் காட்டுகிறது. மலைச் சைக்கிள் என்று இன்று உலகமெங்கும் விற்பனையாகும் தடித்த டயர் வண்டி பிறந்த இடம் அது. மலைப்பாதைகள் யாருக்கு உரியவை என்ற நெடுநாள் வழக்கு தொடங்கியதும் அங்கேதான்.

டாமல்பயஸ் மலை

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இருக்கிறது. அங்கிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரின் மாவட்டம். அதன் நடுவே எழுந்து நிற்பது டாமல்பயஸ் மலை. உயரம் ஏறத்தாழ 784 மீட்டர். இமயத்தை அறிந்த நமக்கு இது சிறு குன்றாகத் தோன்றலாம். ஆனால் கடல் மட்டத்திலிருந்தே எழுவதால் அதன் சரிவுகள் செங்குத்தானவை.

ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே கடற்கரை மிவோக் என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலம் இது. பள்ளத்தாக்குகளில் வானளாவிய ரெட்வுட் மரங்கள், அவற்றுக்கு மேலே ஓக் மரக்காடும் புதர்க்காடும், முகடுகளில் புல்வெளி. ரெட்வுட் மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு 1908-ஆம் ஆண்டு மியூர் காடு என்ற பெயரில் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மலையின் மற்றொரு பகுதி மாநிலப் பூங்காவாயிற்று. வடசரிவின் பெரும்பகுதி, 1912-இல் அமைக்கப்பட்ட மரின் நகராட்சி நீர் மாவட்டம் என்ற அமைப்பின் கையில் உள்ளது. அந்தச் சரிவுகளில் பெய்யும் மழைதான் ஏரிகளில் தேங்கி, சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீராகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். நம் கதையில் பிறகு வரப்போகும் வழக்கின் வேர் இங்கே இருக்கிறது.

இந்த மலைக்கு நடந்து வருவோரின் மரபும் பழையது. மில்வேலி என்ற ஊரிலிருந்து மலைத்தோளைக் கடந்து கடற்கரைக்கு ஓடும் டிப்சி ஓட்டப் பந்தயம் 1905-இல் தொடங்கியது. நடைப்பயணிகளின் சங்கங்கள் தம் கையாலேயே தடங்களை வெட்டிப் பேணின. சைக்கிள்காரர்கள் வந்தபோது மலை காலியாக இருக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எஞ்சின் இல்லாமல் இறங்கிய ரயில்

1896-இல் மில்வேலியிலிருந்து உச்சிக்கருகே வரை ஒரு ரயில்பாதை போடப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர் நீளத்தில் 281 வளைவுகள். உலகிலேயே மிகக் கோணலான ரயில்பாதை என்று அதை விளம்பரம் செய்தார்கள். அதன் மிக நீண்ட நேர்ப்பகுதியே 413 அடிதான் என்றால் அந்தப் பெயர் பொருந்தும் அல்லவா?

இத்தனை வளைவுகள் எதற்கு? சரிவைக் குறைப்பதற்காகத்தான். பாதையின் சராசரிச் சாய்வு நூற்றுக்கு ஐந்து. அதாவது நூறு அடி சென்றால் ஐந்தடி ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்திலும் நூற்றுக்கு ஏழுதான். பல்சக்கர இணைப்புள்ள நீராவி எஞ்சின்கள் பெட்டிகளை மெதுவாக மேலே தள்ளிச் சென்றன.

மேலே சென்றவர்கள் திரும்பிய விதம்தான் விந்தையானது. ஈர்ப்புப் பெட்டிகள் எனப்பட்ட திறந்த வண்டிகளில் அவர்கள் அமர்வார்கள். எஞ்சின் கிடையாது. பிரேக்கைப் பிடிக்க ஒரு பணியாளர் மட்டும் இருப்பார். அவர் பிரேக்கைத் தளர்த்தியதும் வண்டி தானாகவே உருளத் தொடங்கும். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்படாத நிதானமான வேகத்தில், காட்டின் அமைதியைக் கேட்டபடியே அவர்கள் அடிவாரம் வந்து சேர்ந்தார்கள். நிலக்கரியோ எண்ணெயோ செலவில்லை. ஏறும்போது எஞ்சின் சேர்த்துவைத்த நிலையாற்றலை, இறங்கும்போது சிறுகச் சிறுகப் பிரேக்கின் வழியே செலவழித்தார்கள்.

மோட்டார் கார்கள் பெருகின; மலைமேல் சாலையும் வந்தது. 1929-இல் மலையில் பெரும் தீ பரவியது. 1930-இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஆனால் அவை கிடந்த மண்மேடை அப்படியே இருந்தது. இன்றும் பழைய ரயில்தடம் என்ற பெயரில் நடையர்களும் சைக்கிள்காரர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அத்துடன், தீயணைப்பு வண்டிகள் காட்டுக்குள் செல்வதற்காக அகலமான மண்சாலைகளும் மலையெங்கும் வெட்டப்பட்டிருந்தன. தீச்சாலைகள் எனப்படும் இவற்றில் பொதுமக்களின் கார்களுக்கு அனுமதியில்லை. மலைச் சைக்கிளுக்கான களம், யாரும் திட்டமிடாமலே தயாராகிவிட்டது.

ஓட்டை வண்டிகளின் காலம்

1933-இல் ஷ்வின் என்ற அமெரிக்க நிறுவனம் சைக்கிளுக்குத் தடித்த காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தது. இரண்டு அங்குலத்துக்கும் சற்று அதிகமான அகலமுள்ள இந்த 'பலூன்' டயர்கள், செய்தித்தாள் போடும் பையன்களின் முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கின. அப்படிப்பட்ட வண்டிகளில் ஒன்று எக்செல்சியர். இரும்புச் சட்டம், கனத்த சக்கரம், ஒரே கியர். இருபது கிலோவுக்கும் மேலான எடை. போருக்குப் பின் இலேசான வண்டிகள் வந்ததும் இவை பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

1970-களின் தொடக்கத்தில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் இந்த வண்டிகளைச் சில டாலர்களுக்கு வாங்கி, தேவையற்ற தகடுகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு மலைமேல் கொண்டுபோனார்கள். 'கிளங்கர்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். நம் வழக்கில் 'ஓட்டை வண்டி' என்று சொல்லலாம். இவர்களுள் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் தார்ச்சாலைப் பந்தய வீரர்கள். இலேசான பந்தய வண்டியின் நுணுக்கங்களை அறிந்தவர்கள், பொழுதுபோக்குக்காக இந்தக் கனத்த வண்டிகளை ஓட்டினார்கள்.

ஃபேர்ஃபேக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, டாமல்பயஸின் பக்கத்துக் குன்றான பைன் மலையிலிருந்து இறங்கும் ஒரு தீச்சாலை உண்டு. 2.1 மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம். சராசரிச் சாய்வு நூற்றுக்கு ஏறத்தாழ 12. பழைய ரயில்தடத்தின் சாய்வைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். யார் வேகமாக இறங்குகிறார்கள் என்ற வாய்ச்சண்டையைத் தீர்ப்பதற்காக, 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று அங்கே ஒரு பந்தயம் வைத்தார்கள். ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி, கீழே நேரத்தைக் குறித்தார்கள். வென்றவர் ஆலன் பாண்ட். அன்று கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவரே என்று சொல்வார்கள். பின்னர் நடந்த பந்தயங்களில் 4 நிமிடம் 22 விநாடி என்ற நேரத்தை ஃபிஷரும், அதைவிட இரண்டே விநாடி கூடுதலான நேரத்தை பிரீஸும் எட்டினார்கள். அந்தப் பந்தயங்களை ஏராளமான படங்களாக எடுத்துவைத்த வெண்டி கிராக் என்ற பெண்மணி, தாமும் அச்சரிவில் ஓட்டியவர்.

அந்தச் சாலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீபேக்'. மறுபடி அடைத்தல் என்று பொருள். எதை அடைப்பது? அதைப் புரிந்துகொள்ள அந்த வண்டியின் பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

நம் ஊர் சைக்கிள்களில் கைப்பிடியை அழுத்தினால் ரப்பர்க் கட்டை ரிம்மைப் பிடிக்கும். அந்தப் பழைய அமெரிக்க வண்டிகளில் கைப்பிரேக் இல்லை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால், பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருக்கும் உலோகப் பட்டைகள் விரிந்து, ஹப்பின் உட்சுவரை அழுத்தி உராயும். உள்ளே கிரீஸ் அடைத்திருக்கும். அதாவது பிரேக், தாங்கி, மசகு எல்லாம் ஒரு கைப்பிடி அளவுள்ள எஃகுக் குப்பிக்குள் அடக்கம்.

இப்போது கணக்கு. மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 93 கிலோகிராம் என்று கொள்வோம். இறக்கம் 1300 அடி, ஏறத்தாழ 400 மீட்டர். நிலையாற்றல் என்பது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கல். 93 × 9.8 × 400 = சுமார் 3,65,000 ஜூல்.

தூரம் ஏறத்தாழ 3,380 மீட்டர். அதை 262 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் விநாடிக்கு 12.9 மீட்டர், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். இந்த வேகத்தில் வண்டியின் இயக்க ஆற்றல் எவ்வளவு? அரை × நிறை × வேகத்தின் வர்க்கம். சுமார் 7,700 ஜூல். வியப்பைப் பாருங்கள்! மலை கொடுத்த ஆற்றலில் ஐம்பதில் ஒரு பங்குதான் வேகமாக இருக்கிறது. மீதி அனைத்தும் வழியிலேயே எங்கோ கொட்டப்பட்டுவிட்டது.

அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. நிமிர்ந்து அமர்ந்து செல்லும் ஒருவருக்கு இந்த வேகத்தில் காற்றுத்தடைக்கு மட்டும் தோராயமாக 2,00,000 ஜூல் செலவாகும். மண்ணில் டயர் உருள்வதற்கு 60,000 ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் ஒரு லட்சம் ஜூல். அது ஹப்புக்குப் போகிறது. ஹப்பின் நிறை ஒரு கிலோகிராம் என்றும், எஃகின் வெப்ப ஏற்புத்திறன் 460 என்றும் கொண்டால், வெப்பம் வெளியேறாத நிலையில் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் உயர வேண்டும். சாதாரண கிரீஸ் 200 டிகிரியை எட்டுமுன்பே உருகி ஒழுகத் தொடங்கிவிடும். அதற்கும் மேலே போனால் புகையும். காற்று ஹப்பை ஓரளவு குளிர்விக்கும் என்றாலும், உராயும் பரப்பு ஹப்பின் சராசரியைவிடச் சூடாகவே இருக்கும்.

அப்படித்தான் நடந்தது. ஒருமுறை இறங்கி வந்தால் பின்சக்கரத்திலிருந்து புகை கிளம்பும். கிரீஸ் வெந்து தீர்ந்திருக்கும். மறுபடி இறங்க வேண்டுமானால் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். ஆகவேதான் அந்தச் சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர்.

இன்னொரு செய்தியும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. அஞ்சி அஞ்சி மெதுவாக இறங்குபவரின் பிரேக்தான் அதிகம் சூடாகும்! ஆறு நிமிடத்தில் இறங்குபவரை எடுத்துக்கொண்டால் காற்றின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. மலை கொடுக்கும் ஆற்றல் மட்டும் குறைவதில்லை. காற்று வாங்காததையும் பிரேக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பங்கு இரட்டிப்பாகிவிடும்.

பழைய இரும்பிலிருந்து புதிய வண்டிக்கு

பிரேக் புகைந்ததுதான் பல மாற்றங்களுக்கு வழிவகுத்தது. ஃபிஷர் தம் பழைய வண்டியில் டிரம் பிரேக்குகளையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும், பல கியர்களையும் பொருத்தினார். குப்பர்டினோ என்ற ஊரிலிருந்து வந்த சில இளைஞர்கள், 1974 டிசம்பரில் நடந்த ஒரு பந்தயத்துக்குத் தடித்த டயர் வண்டியில் கியர் மாற்றும் அமைப்போடு வந்திருந்ததும் பலரின் கண்ணைத் திறந்தது. கியர் வந்ததும் பெரிய மாறுதல் ஏற்பட்டது. அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றியோ மேலே கொண்டுபோனவர்கள், இப்போது மிதித்தே ஏறினார்கள். மலை முழுவதும் அவர்களுக்கு எட்டியது.

பழைய சட்டங்கள் அடிக்கடி முறிந்தன. 1977-இல் ஜோ பிரீஸ், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களைக் கொண்டு, மலைக்கென்றே ஒரு சட்டத்தை வடிவமைத்துத் தம் கையாலேயே செய்தார். 'பிரீஸர்' எனப்பட்ட அந்த வண்டிகளில் முதலாவது இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. 1979-இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிட்சி செய்த சட்டங்களைக் கொண்டு வண்டிகளை விற்க ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரே பின்னர் பொதுப்பெயராகிவிட்டது. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் தயாரித்த ஸ்டம்ப்ஜம்பர், இவ்வகை வண்டியைப் பெருமளவில் கடைகளுக்குக் கொண்டுவந்தது. 1990-இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் உலக வாகையர் போட்டி. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இடம். இருபதே ஆண்டுகளில் ஓட்டை வண்டி ஒலிம்பிக்குக்குப் போய்விட்டது.

மலையின் தரப்பு

வண்டிகள் பத்துப் பதினைந்து இருந்தபோது யாரும் பொருட்படுத்தவில்லை. ஆயிரக்கணக்கில் பெருகியபோது முறையீடுகள் எழுந்தன. குறுகிய தடத்தில் குழந்தையோடு நடந்துவரும் ஒருவருக்கு, வளைவைத் திரும்பியதும் எதிரே பாய்ந்துவரும் சைக்கிள் அச்சத்தையே தரும். குதிரைகள் மிரண்டன. மழைக்காலத்தில் தடங்களில் ஆழமான பள்ளங்கள் விழுந்தன. அந்த மண் அரித்துச் சென்று சேருமிடம் ஓடைகளும் குடிநீர் ஏரிகளும்தான். மலையின் நீரை வாங்கும் லகுனிட்டஸ் ஓடையில், அழிவின் விளிம்பிலுள்ள கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து வந்து சரளைக் கற்களிடையே முட்டையிடுகின்றன. நுண்மண் படிந்தால் சரளையின் இடைவெளி அடைபட்டு முட்டைகள் மூச்சுத்திணறிவிடும்.

ஆகவே 1980-களில் கட்டுப்பாடுகள் வந்தன. சைக்கிள்கள் அகன்ற தீச்சாலைகளில் மட்டும் செல்லலாம், குறுகிய நடைத்தடங்களில் கூடாது என்றார்கள். மணிக்கு 15 மைல் வேக வரம்பு. கண்ணுக்கு மறைந்த வளைவுகளில் 5 மைல். வனக்காவலர்கள் ரேடார் கருவியுடன் நின்று அபராதம் விதித்தார்கள். தேசிய அளவிலும் 1984-இல் அமெரிக்க வனத்துறை, 1964-ஆம் ஆண்டின் சட்டப்படி வனாந்தரமாக ஒதுக்கப்பட்ட நிலங்களில் சைக்கிளுக்கு இடமில்லை என்று தெளிவுபடுத்தியது. மலைச் சைக்கிள் எங்கே பிறந்ததோ, அங்கேயே அதற்குப் பெரும்பாலான தடங்கள் மூடப்பட்டன.

வேக வரம்பின் நியாயத்தை இயற்பியலால் எளிதில் காட்டலாம். மண்சரிவில் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்க முடியும் என்றும், ஓட்டுபவர் சுதாரிக்க ஒரு விநாடி ஆகும் என்றும் கொள்வோம். மணிக்கு 46 கிலோமீட்டரில் வருபவர் நிற்பதற்கு 40 மீட்டர் வேண்டும். 24 கிலோமீட்டரில், அதாவது 15 மைல் வேகத்தில், 14 மீட்டர் போதும். 8 கிலோமீட்டரில் மூன்றே மீட்டர். வளைவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைவிட நிற்கும் தூரம் குறைவாக இருந்தால்தான் எதிரே வருபவர் பிழைப்பார். வேகத்தின் வர்க்கம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

பூட்டிய சக்கரம்

மண்ணரிப்புக்கு வருவோம். இங்கே நம் மாணவரின் கேள்வி மறுபடி எழுகிறது. இறங்குபவரின் ஆற்றல் பிரேக்குக்குப் போகிறதா, மண்ணுக்குப் போகிறதா?

சக்கரம் சுழன்றுகொண்டே வேகம் குறைந்தால், உராயும் இரு பரப்புகளும் பிரேக்கினுள் இருக்கின்றன. வெப்பம் அங்கேதான் பிறக்கிறது. டயர் மண்மீது வழுக்காமல் பதிந்து எழுகிறது; மண்ணுக்குப் பெரிய தீங்கில்லை. ஆனால் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை முழுவதும் பூட்டிவிட்டால் நிலைமை தலைகீழ். பிரேக்கினுள் இப்போது எதுவும் நகரவில்லை. ஆகவே அங்கே வெப்பமும் இல்லை. வழுக்குவது டயரும் மண்ணும்தான். பின்சக்கரத்தின்மேல் 40 கிலோ பாரம், உராய்வுக் கெழு 0.6 என்றால், ஐந்து மீட்டர் இழுத்துச் செல்லும்போது மூன்று விரல் அகலமுள்ள ஒரு கீற்றில் ஏறத்தாழ 1,200 ஜூல் வேலை நடக்கிறது. ஒரு கிலோ மண்ணை 120 மீட்டர் உயரத்துக்குத் தூக்கக்கூடிய வேலை இது.

பழைய பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே இருந்ததால் இந்தப் பூட்டு மிக எளிதாக நிகழ்ந்தது. சரிவில் வேகம் குறைக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது, சிறிது அழுத்தினாலும் நின்றுபோகிறது. இரு சக்கரங்களிலும் அளவோடு பிடிக்கக்கூடிய பிரேக்குகளும், பின்னாளில் வந்த டிஸ்க் பிரேக்குகளும் ஓட்டுபவரை மட்டுமன்றி, முறையாகக் கையாண்டால் மண்ணையும் காக்கின்றன. ஆனால் நல்ல பிரேக் இருக்கிறதென்ற துணிவில் வேகத்தைக் கூட்டுபவரும் உண்டு. அவருக்குப் பிரேக் செய்த நன்மை வீண்தான்.

சைக்கிள்தான் மண்ணை அதிகம் கெடுக்கிறதா? மான்டானா மாநிலத்து மலைத்தடங்களில் வில்சன், சீனி என்ற இரு ஆய்வாளர்கள் நடைப்பயணி, குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் ஆகிய நால்வகையினரையும் தடத்தில் செல்லவிட்டு, செயற்கை மழை பொழிவித்து, பெயர்ந்துவந்த மண்ணை அளந்தார்கள். 1994-இல் வெளியான முடிவு பலரையும் வியக்கவைத்தது. சக்கரங்களைவிடக் குளம்புகளும் பாதங்களுமே அதிக மண்ணைப் பெயர்த்தன. அதிலும் ஈரத்தடத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் இதைக்கொண்டு சைக்கிள்காரரை முற்றிலும் விடுவித்துவிட முடியாது. செங்குத்துச் சரிவில் பூட்டிய சக்கரத்தோடு ஆயிரக்கணக்கானோர் இறங்குவது வேறு சங்கதி. இவ்வாய்விலிருந்து நாம் அறிய வேண்டியது, பழியை ஒருவர்மேல் மட்டும் சுமத்த இயலாது என்பதே.

நீர்தான் பெரிய பயணி

உண்மையில் எந்த மலைத்தடத்துக்கும் மிகப் பெரிய பகை மனிதரோ விலங்கோ அன்று, மழைநீர்தான். நீரும் நிலையாற்றலோடு மலையிறங்கும் ஒரு பயணியே. அதற்குப் பிரேக் கிடையாது. தடம் சரிவின் நேர்க்கோட்டிலேயே கீழிறங்கினால், நீருக்கு அதுவே வாய்க்காலாகிவிடும். ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய நீரியல் பாடம்.

ஆகவே இன்று தடம் அமைப்போர் சில எளிய விதிகளைக் கைக்கொள்கிறார்கள். தடம் மலைச்சரிவுக்குக் குறுக்கே, அதைச் சுற்றிச் செல்ல வேண்டும். தடத்தின் சாய்வு, அந்த இடத்து மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படக்கூடாது. மொத்தத்தில் சராசரிச் சாய்வு நூற்றுக்குப் பத்துக்குள் இருக்க வேண்டும். தடத்தின் வெளிவிளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தால் நீர் தடத்தோடு ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். ஆங்காங்கே சிறு ஏற்றம் வைத்தால் நீர் அங்கே தங்காமல் வெளியேறும். வண்டியின் வேகமும் பிரேக் இல்லாமலே குறையும். மலை கொடுக்கும் ஆற்றலை நீண்ட தூரத்துக்குப் பரப்பி, எந்த ஓரிடத்திலும் மிகாமல் செலவிடச் செய்வதே இவ்விதிகள் அனைத்தின் சாரம்.

281 வளைவுகள் போட்ட அந்த ரயில் பொறியாளர்களை இப்போது நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குச் சைக்கிளைப் பற்றியோ மீன்களைப் பற்றியோ கவலையில்லை. எஞ்சின் ஏற வேண்டும், பிரேக் தாங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அதே கணக்கு மண்ணுக்கும் பொருந்தியது. ரீபேக் சாலையைவிட அந்தப் பழைய ரயில்தடமே இன்றைய விதிகளுக்கு நெருக்கமாக இருக்கிறது.

எஞ்சிய கேள்வி

இயற்பியல் இவ்வளவையும் சொல்லும். எந்தச் சாய்வில் தடம் நிலைக்கும், எந்த வேகத்தில் வளைவு திரும்பலாம் என்று கணக்கிட்டுக் காட்டும். ஆனால் காட்டின் அமைதியைத் தேடி வரும் முதியவரின் உரிமை பெரியதா, வியர்வை சிந்தி மிதித்து ஏறும் இளைஞரின் உரிமை பெரியதா என்பதற்கு அதனிடம் சூத்திரம் இல்லை. 1988-இல் கலிபோர்னியாவின் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து ஒரு பன்னாட்டு அமைப்பை உருவாக்கி, நடப்பவருக்கு வழிவிடுவதையும், சக்கரத்தைப் பூட்டாமல் ஓட்டுவதையும் கற்பிக்கத் தொடங்கின. தடம் பழுதுபார்க்கும் பணியில் நடையர்களும் சைக்கிள்காரர்களும் ஒன்றாக மண்வெட்டி பிடிக்கும் நாட்கள் உண்டு. வழக்கு ஓய்ந்துவிடவில்லை, ஆனால் பேச்சு நடக்கிறது. ஃபேர்ஃபேக்ஸ் ஊரில் 2015-இல் திறக்கப்பட்ட சைக்கிள் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய வண்டிகள் நிற்கின்றன. அவற்றுக்குக் களமான மலையோ இன்னும் பலருக்கும் நீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அன்று கேள்வி கேட்ட மாணவருக்கு நான் முழு விடை சொல்லவில்லை. இன்று சொல்வேன்: ஆற்றல் எங்கும் அழிந்துபோவதில்லை; அது எங்கே போக வேண்டும் என்பதில் ஓட்டுபவருக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது இதைச் சோதித்துப் பாருங்கள். ஒருமுறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து மெல்ல இறங்கி, ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பிறகு இறங்கி வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். மண்ணில் கீறல் இல்லையென்றால், நீங்கள் நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள்.